முன்முற்றத்துப் பாத்தியா, வீட்டு ரொட்டியா? டர்பன் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

கடைச் செலவு ஏற ஏற, சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வெருலத்திலும் பல வீடுகளில் இரண்டு யோசனைகள் சேர்ந்தே வருகின்றன. வாசலில் புல் வெட்டிக்கொண்டே இருக்கும் இடத்தில் காய்கறி போடலாம். கடை ரொட்டியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சுடலாம். இரண்டும் நல்ல யோசனை. ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் பாத்தியில் களை ஏறும், ஈஸ்ட் பொட்டலம் அலமாரியில் ஈரம் கோத்துக் கெடும். முதலில் ஒன்றைப் பிடித்து, அது கைக்கு வந்த பிறகு மற்றதைத் தொடுவதே சரி.

எதை முதலில் பிடிப்பது என்பதை ராண்ட் கணக்கு தீர்மானிக்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உங்கள் வீட்டில் நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பதை அதற்கு முன்பே பாருங்கள். பாத்திக்குத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மொத்தமாகக் கொடுத்தால் அது ஈடாகாது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமையே நாற்று வாடியிருக்கும். ரொட்டிக்குக் கை வேலை அரை மணிதான், ஆனால் மூன்றரை மணி நேரம் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் முற்றத்தில் கால் வைக்கும் பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீடு ஒரு மாதிரி. இருவரும் ஆறு மணிக்கே டாக்ஸி பிடித்துப் போய், ஞாயிறு மட்டும் கூடும் வீடு வேறு மாதிரி.

அதற்கும் முன்னால் வெயிலைப் பார்த்துவிட வேண்டும். பல முற்றங்களின் விதியை அது ஒன்றே முடித்துவிடும்.

வாசல் எந்தத் திசை?

தமிழ்நாட்டுத் தோட்டக் குறிப்புகளில் "தெற்கு வெயில்" என்று இருந்தால், இங்கே அதை வடக்கு என்று மாற்றிப் படிக்க வேண்டும். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கிறது. ஜூன் கடைசியில் நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் 37 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். 4 மீட்டர் உயரக் கூரை அந்த நேரத்தில் தெற்கே 5.3 மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். டிசம்பரில் அதே கூரையின் நிழல் அரை மீட்டர்கூட இருக்காது.

ஆகவே தெற்கு பார்த்த வாசலுக்கு முன்னால் 5 மீட்டருக்குள் பாத்தி போட்டால், மே முதல் ஆகஸ்ட் வரை அதில் உருப்படியாக எதுவும் வராது. டர்பனில் அந்த மாதங்கள்தான் கொத்தமல்லிக்கும் பட்டாணிக்கும் முட்டைக்கோஸுக்கும் பொன்னான காலம், பூச்சியும் குறைவு. அதை இழந்து, பூச்சியும் பூஞ்சையும் பெருகும் கோடையில் மட்டும் பயிரிடுவது தொடங்குபவருக்குப் பெரிய சோர்வு. தெற்கு வாசல் என்றால் ரொட்டியில் தொடங்குங்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு நாள் காலை 9, நடுப்பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். குளிர்காலத்தில் கீரை வகைக்கு 4 மணி நேர நேர்வெயில் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய் காய்க்க 6 மணி நேரம் வேண்டும்.

பாத்தி கேட்பது என்ன

1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் டர்பனைச் சுற்றிக் கிடைத்த நிலத்தில் காய்கறி பயிரிட்டு நகரத்துக்கே கொடுத்தார்கள். வார்விக் காலைச் சந்தையில் இன்றும் கட்டுக்கட்டாக இருக்கும் கீரை, மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு, பயற்றங்காய், சுரைக்காய் எல்லாம் இந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்கெனவே பழகிய பயிர்கள். எதைப் போடுவது என்று தெரியாவிட்டால் அந்தச் சந்தையில் அரை மணி நடந்து பாருங்கள்.

தொடக்கத்துக்கு ஒரே பாத்தி போதும்: 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம். அகலம் அதற்கு மேல் போனால் இரு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டாது. மண்ணை மிதிக்க வேண்டி வரும், மிதித்த மண்ணில் வேர் இறங்காது. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2 அல்லது 3 சென்டிமீட்டருக்குக் குறைவாக இறங்கினால் அடியில் களிமண்ணோ, வீடு கட்டியபோது கொட்டிய கல்லும் சிமெண்டுமோ இருக்கிறது. அங்கே தோண்டிப் போராடாமல், பலகையோ பிளாக்கோ வைத்து 25 சென்டிமீட்டர் மேட்டுப்பாத்தி கட்டுங்கள். மெரிபேங்க், இசிபிங்கோ பக்கத்து மணலிலும் பெரியாவின் சிவப்பு மணலிலும் இதற்கு நேர் எதிர்த் தொல்லை: நீர் நொடியில் இறங்கிவிடும், கூடவே உரமும் போய்விடும்.

இரண்டு வகைக்கும் மருந்து கம்போஸ்ட்தான். 3.6 சதுர மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் கனம் பரப்ப 180 லிட்டர் வேண்டும். நர்சரிகளில் விற்கும் 30 லிட்டர் பைகளில் ஆறு. அதோடு 2:3:2 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்திருக்கும் விகிதம்) சதுர மீட்டருக்கு 30 கிராம். கோழி எரு மலிவாகக் கிடைக்கும், ஆனால் மூக்கில் அம்மோனியா நெடி ஏறினால் அது இன்னும் மக்கவில்லை. போட்டால் நாற்றின் வேர் கருகும். மூன்று மாதம் மூடி வைத்துப் பிறகு போடுங்கள்.

நீர்: வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், அதாவது இந்தப் பாத்திக்கு 90 லிட்டர். அக்டோபர் முதல் மார்ச் வரை மழையே பெரும்பாலும் இதைக் கொடுத்துவிடும். குளிர்காலம் வறண்டது. குழாய் நீர் நின்றுபோகும் பகுதிகளில் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் நீர் இல்லை. 50 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டராவது பிடிக்கலாம். ஜோஜோ எனப்படும் பிளாஸ்டிக் தொட்டியில் சிறியது ஒன்று நான்கு வாரப் பாத்தி நீரைத் தாங்கும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டுப் பக்கமிருந்து அடிக்கும் சூடான பெர்க் காற்றை இங்கே புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் கணக்கில் வைப்பதில்லை. முதல் நாள் தளதளவென்று நின்ற நாற்று மறுநாள் மாலை காகிதம்போலத் தொங்கும். அந்த நாட்களில் காலையிலேயே ஆழமாக நீர்விட்டு, மண்மேல் 5 சென்டிமீட்டர் காய்ந்த புல் மூடி, நாற்றுக்கு மேல் 40 சதவீத நிழல்வலை கட்ட வேண்டும். பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் ஒரு பருவத்து உழைப்பை ஒரே நாளில் அழித்துவிடக்கூடியது இது.

எந்தப் பயிர் காசை மிச்சப்படுத்தும்

வெங்காயம், உருளைக்கிழங்கு, காரட் மூன்றையும் முன்முற்றத்தில் போடாதீர்கள். இடமும் மாதங்களும் விழுங்கும். கடையில் பை விலைக்கு முன்னால் நிற்காது. கடையில் சின்னக் கட்டாக விற்று, ஃபிரிஜில் மூன்றே நாளில் அழுகுவதைப் போடுங்கள்: கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை, முளைக்கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. வேண்டும்போது நான்கு இணுக்கு கிள்ளிக்கொள்ளலாம் என்பதே பெரிய லாபம், ஏனென்றால் வாங்கிய கட்டில் பாதி குப்பைக்குத்தான் போகிறது.

கொத்தமல்லி முளைக்கவில்லை என்ற புகார்தான் அதிகம் காதில் விழுகிறது. உருண்டை விதை ஒன்றுக்குள் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளந்து, இரவு முழுக்க ஊறவைத்து, 1 சென்டிமீட்டர் ஆழத்தில் 15 சென்டிமீட்டர் இடைவெளி வரிசைகளில் தூவினால் 7 முதல் 12 நாளில் முளைக்கும். பொடி பண்ணிவிடக் கூடாது, மூக்கு உடைந்த விதை முளைக்காது. டிசம்பரில் விதைத்தால் இலை வைக்கும் முன்பே பூத்துத் தண்டாகிவிடும். அது விதையின் குற்றமில்லை, வெப்பத்தின் வேலை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு வரிசை விதைத்தால் கட்டு வாங்கவே வேண்டாம்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி முழுக்கக் கறி மீன் கிடையாது. காய்கறிச் செலவு ஏறுவதும் அந்த மாதத்தில்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழ்நாட்டு மழையை வைத்துச் சொன்னது. இங்கே ஆடி என்பது குளிர்காலத்தின் கடைசி. ஆனாலும் புரட்டாசிக்கு விளைய வேண்டும் என்றால் இங்கும் ஆடியை விடக்கூடாது. செப்டம்பர் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: முட்டைக்கோஸ் நாற்றும் பட்டாணியும் ஜூன் நடுவில், இங்கே ஸ்பினச் என்று விற்கும் பெரிய இலைக்கீரை ஜூலை நடுவில், கொத்தமல்லியும் வெள்ளை முள்ளங்கியும் ஆகஸ்ட் முதல் வாரம், வெந்தயக்கீரை ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரத்தைக் கொத்தமல்லிக்கு அடையாளமாக வைத்துக்கொண்டால் தேதி மறக்காது. கத்தரி, பயற்றங்காய், வெண்டை, சுரை எல்லாம் செப்டம்பரில் விதைக்கும் கோடைப் பயிர்கள். இந்த ஆண்டுப் புரட்டாசிக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

அடுத்தது குரங்கு. டர்பனில் காய்கறித் தோட்டம் பற்றிப் பேசிவிட்டுக் குரங்கை விட்டுவிட்டால் பாதிதான் பேசியதாகும். சாம்பல் உடம்பும் கறுத்த முகமுமாக வரும் வெர்வெட் கூட்டம், தக்காளி சிவக்கும் நாளை உங்களைவிடத் துல்லியமாக அறியும். மீலி எனப்படும் மக்காச்சோளம், தக்காளி, பூசணிப் பிஞ்சு, பீன்ஸ் எல்லாம் போகும். தின்பதைவிடக் கடித்து எறிவது அதிகம். மிளகாய், புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலையைப் பெரும்பாலும் விட்டுவிடும். மடும்பிக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. பச்சையாகக் கடித்தால் நாக்கு அரிக்கும். ஆகவே குரங்கு வரும் தெருவில் முதல் ஆண்டு இந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். தக்காளி வேண்டியே தீரும் என்றால் பாத்தியை முழுதாக மூடும் கம்பிக் கூண்டு கட்டுங்கள். பெரிய கண் உள்ள பறவை வலையைத் தளர்வாகத் தொங்கவிடாதீர்கள். பாம்பு சிக்கிச் சாகும். விஷமும் சுண்டுவில்லும் கூடவே கூடாது. அது கொடுமை, சட்டப்படியும் குற்றம்.

ரொட்டி கேட்பது என்ன

கணக்கில் ரொட்டிக்கு ஒரு சாதகம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பிரவுன் ரொட்டிக்கு வாட் வரி இல்லை. வெள்ளை ரொட்டிக்கு 15 சதவீதம் உண்டு. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் வெள்ளை ரொட்டி மாவுக்கும் கேக் மாவுக்கும் வரி நீக்கப்பட்டது. வெள்ளை ரொட்டி சாப்பிடும் வீடு மாவாக வாங்கினால் அந்த வரி மிஞ்சும். பிரவுன் ரொட்டி சாப்பிடும் வீட்டுக்கு அந்த லாபம் இல்லை. 2.5 கிலோ மாவுப் பையில் ஐந்து ரொட்டி வரும்.

மறுபக்கம் மின்சாரம். 2.5 கிலோவாட் ஓவன் 15 நிமிடம் சூடேறி, 35 நிமிடம் சுட்டால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் பிடிக்கும். உங்கள் பிரீபெய்ட் மீட்டரை முன்னும் பின்னும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஓவனுக்கு ஓவன் வேறுபடும். இரண்டு ரொட்டி சேர்த்துச் சுட்டாலும் செலவு கிட்டத்தட்ட அதேதான். ஒரே ஒரு ரொட்டிக்கு ஓவன் போடுகிற வீட்டில் மிச்சம் எதுவும் பார்க்க முடியாது. இரண்டு சுட்டு ஒன்றை நறுக்கி ஃபிரீஸரில் வைப்பவருக்குத்தான் கணக்கு நேராகும்.

ஒரு ரொட்டிக்கு அளவு: வெள்ளை ரொட்டி மாவு 500 கிராம், நீர் 325 கிராம், உப்பு 9 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் 15 கிராம். 10 கிராம் ஈஸ்ட் பொட்டலம் இரண்டு ரொட்டிக்குச் சரியாகப் போகும். கோப்பையால் அளக்காதீர்கள், டர்பன் ஈரத்தில் மாவு ஒரு நாள் அழுந்திக் கிடக்கும், ஒரு நாள் உதிராக இருக்கும், கோப்பைக்கு 20 கிராம் வித்தியாசம் வரும். ஒரு சிறிய தராசுதான் இதில் முதல் முதலீடு.

பத்து நிமிடம் பிசைய வேண்டும். ஒரு எலுமிச்சை அளவு எடுத்து இரு கையாலும் இழுத்தால், கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஜவ்வாக வர வேண்டும். முதல் உப்பல் ஒரு மணி நேரம், இரண்டு மடங்கு ஆகும்வரை. பிறகு காற்றை அழுத்தி, இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு அடியில் இருக்கும்படி எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். இரண்டாவது உப்பல் 35 முதல் 45 நிமிடம். விரலால் அரை அங்குலம் குத்திப் பாருங்கள்: குழி சட்டென்று மூடினால் இன்னும் ஆகவில்லை, மெல்லப் பாதி மூடினால் ஓவனுக்கு நேரம், மூடவே இல்லையென்றால் தாண்டிவிட்டது, ஓவனில் நடுவில் அமுங்கும். 220 டிகிரியில் 10 நிமிடம், 200 டிகிரியில் 25 நிமிடம். இறக்கியதும் டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தே வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று வேகாததுபோல இருக்கும்.

ஜனவரியில் இதே அளவு ஏன் கெட்டுப்போகிறது? சமையலறை 30 டிகிரியில் இருக்கும்போது மாவு நாற்பதே நிமிடத்தில் பொங்கித் தாண்டிவிடும். புளிப்பு வாடை, மேலே தட்டை, உள்ளே பெரிய ஓட்டைகள். பிசைந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். 78-இலிருந்து அறையின் சூட்டையும் பிசையாத உலர் மாவின் சூட்டையும் கழித்தால் நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று வரும். அறை 30, மாவு 30 என்றால் நீர் 18. குழாய் நீரில் ஃபிரிஜ் நீர் கலக்க வேண்டும். ஜூலையில் அறை 18, மாவு 18 என்றால் நீர் 42. தொட்டால் இதமான சூடு. 50 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் சாகத் தொடங்கும்.

கோடையில் இன்னொரு கெடுதி உண்டு. இரண்டாம் நாள் ரொட்டியை வெட்டினால் நடுவில் பழுத்த அன்னாசி போல ஒரு இனிப்பு வாடை. இரு துண்டாகப் பிரித்தால் பசைபோல நூல் இழுக்கும். இது பூஞ்சை அல்ல. மாவிலேயே இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்து, ஓவன் சூட்டையும் தாங்கி, வெக்கையில் விழித்துக்கொள்கிறது. அந்த ரொட்டியை எறிந்துவிடுங்கள். டின்னையும் பலகையையும் வினிகரால் துடைத்து வெயிலில் காயவையுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை 500 கிராம் மாவுக்கு 2 டீஸ்பூன் வினிகர் சேர்த்தால் இது பெரும்பாலும் வராது, சுவையில் தெரியாது. மாவில் வண்டு பெருகுவதும் அதே வெக்கையில்தான்: வாங்கிய பையை மூன்று நான்கு நாள் ஃபிரீஸரில் வைத்தெடுத்து, இறுக்கமான டப்பாவில் கொட்டுங்கள். திறந்த ஈஸ்ட்டும் ஃபிரீஸருக்கே.

மின்வெட்டு 2023-இல் இருந்ததுபோல மீண்டும் வந்தால்? மாவு உப்பும்போது மின்சாரம் போனால் கவலையில்லை, ஃபிரிஜுக்குள் தள்ளி நேரத்தை நீட்டலாம். ஓவனில் வைத்து முதல் கால் மணிக்குள் போனால்தான் ரொட்டி வீண். கடைசிப் பத்து நிமிடம் என்றால் கதவைத் திறக்காமல் விட்டால் மிச்சச் சூட்டிலேயே வெந்துவிடும். காஸ் அடுப்பு மட்டும் உள்ள வீட்டுக்கு ஜூலு மக்களின் உஜெக்கே நல்ல வழி: அதே மாவை எண்ணெய் தடவிய எனாமல் கிண்ணத்தில் வைத்து, பெரிய பானைக்குள் கொதிநீர்மேல் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைப்பது. மேல்தோல் முறுகாது, ஆனால் குழம்புக்கு அருமை.

வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மாற்று: ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறைத்து, சனிக்கிழமை இரவு பிசைந்து ஃபிரிஜில் வையுங்கள். ஞாயிறு காலை டின்னில் போட்டு, ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்துச் சுடலாம். சுவையும் இதில்தான் அதிகம்.

ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் டர்பன் உணவான பன்னி சௌ செய்ய எண்ணினால் நீரை 300 கிராமாகக் குறையுங்கள். ரொட்டிக்குள் துளைகள் நெருக்கமாக வரும். கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றினாலும் சுவர் இளகாமல் நிற்கும். கடையில் நறுக்காத ரொட்டி தேடி அலையவும் வேண்டாம்.

அப்படியானால் எது?

வடக்கு அல்லது கிழக்கு வாசல், பகலில் வீட்டில் ஒருவர், குழாயோ தொட்டியோ நம்பகமானது என்றால் பாத்தியில் தொடங்குங்கள். முதல் நாள் நான்கைந்து மணி நேர வேலையும் ஆறு பைச் செலவும் உண்டு. ஒரு மாதத்தில் வெந்தயக்கீரை கைக்கு வரும். தெற்கு வாசல், வாடகை வீடு, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ரொட்டி. தராசு, டின், மாவுப் பை, அவ்வளவுதான். வீடு மாறினாலும் கூடவே வரும். நான்கு ஞாயிறு தொடர்ந்து ஒரே அளவில் சுடுங்கள், நடுவில் செய்முறையை மாற்றாதீர்கள். எதனால் எது மாறுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

காசு மட்டுமே குறி என்றால் எங்கள் தீர்ப்பு பாத்தியின் பக்கம், அதுவும் மேலே சொன்ன இலைப் பயிர்களோடு நின்றால் மட்டும். தக்காளிக்கூண்டு கட்டும் செலவைச் சேர்த்தால் ரொட்டி முந்திவிடும்.

இரண்டும் சேர்ந்து நடக்கும் வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய ரொட்டியைக் கம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள், முதல் வாரத்திலேயே எலி வரும்; காயவைத்துப் பொடித்துக் கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். சுட்ட ரொட்டியை ஆறட்டும் என்று திறந்த ஜன்னல் ஓரத்தில் வைக்கவும் வேண்டாம். மிளகாய்ச் செடியைத் தொடாமல் தாண்டிப் போன அதே குரங்கு, ரொட்டியை முழுதாகத் தூக்கிக்கொண்டு கூரை ஏறும்.